கூழைக்கடா இல்லாத கழி

காலை ஐந்தேகாலுக்குச் சாத்தாம் கப்பல்துறையின் ஜெட்டியை விட்டுக் கிளம்பினோம். அந்தமானில் டிசம்பரில் அந்த நேரத்துக்கே கிழக்கு வெளுத்துவிடும். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். சூரியன் தீவுக்காரன், கடிகாரம் மட்டும் மெயின்லேண்டுக்காரன். டோங்கி என்கிற சின்ன மரப்படகு, அதை வலிக்கும் ராம்சரண், நான், என் குடை, ஒரு தூக்குச்சட்டி இட்லி. நாள் வாடகை ஐந்து ரூபாய்.

பறவைகளைப் பார்க்க ஆசைப்பட்டுப் போனவன் இல்லை நான். பார்த்துவிட்டதாகக் கடிதத்தில் எழுதிவிட்டதால் போனவன்.

என் மனைவி கோமதிக்கு ஊர் நாங்குநேரிக்குக் கிழக்கே, கூந்தன்குளத்துக்குப் பக்கம். அங்கே வீட்டு மரத்திலேயே நாரை கூடு கட்டும். எச்சம் தலையில் விழுந்தால்கூட யாரும் விரட்ட மாட்டார்கள். மரைன் ஹில் குவார்ட்டர்ஸில் இரண்டு வருஷம் தனியாகச் சமைத்து, தனியாகத் தீய்த்து, தனியாகச் சாப்பிட்டுக்கொண்டு "வா, வா" என்று எழுதினேன். கடல் தாண்டி வந்து எதைப் பார்க்க என்று அவள் பதில் எழுதினாள். ஒருநாள் என் பேனா வழுக்கிவிட்டது. வைப்பர் தீவுக்குப் பின்னால் ஓர் உப்பங்கழி, அதில் கூழைக்கடாக்கள் வெயிலை மறைக்கின்றன, பூநாரைகள் வரிசை கட்டி நிற்கின்றன, நான் வாராவாரம் படகில் போய்ப் பார்க்கிறேன் என்று எழுதிவிட்டேன். உண்மையில், வந்த கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து நான் தண்ணீர்ப் பக்கமே போனதில்லை. குளியலறை வாளியைக்கூடச் சற்றுச் சந்தேகத்தோடுதான் நெருங்குவேன்.

பதில் வந்தது. வருகிறாளாம். மறுநாளே பறவைகளைக் காட்ட வேண்டுமாம். ஜெட்டியில் நான் நிற்காவிட்டால் அதே கப்பலில் திரும்பிவிடுவாளாம். நான் டோங்கி ஏறிய அன்று மாலை மூன்று மணிக்குக் கப்பல், அதற்குள் அந்தக் கழியில் ஒரு பறவையாவது இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

ஆறரை மணிக்கு வைப்பர் வந்தது. சாத்தாமிலிருந்து மூன்று மைல் இருக்கும். வழி முழுக்க டோங்கியின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு வந்ததில் கைவிரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. தீவில் இடிந்த பழைய சிறைச் சுவர்களின் மேல் கொடி படர்ந்திருந்தது. மேட்டின் உச்சியில் சிவப்புச் செங்கல் குவிமாடம், அதற்குள் தூக்குமேடை. உத்தரத்துக்கு நேர்கீழே போகாமல் சுவரோரமாகவே சுற்றிவந்தேன். சட்டையின் கழுத்துப் பொத்தானையும் கழற்றிவிட்டேன்.

ராம்சரணுக்கு ஐம்பது வயதிருக்கும். இங்கேயே பிறந்தவர். ஜெட்டியில் மூட்டை தூக்கும் நம்மவர்களிடம் தமிழ் கற்றவர். அந்தச் சுவரை, வீட்டு மாட்டைத் தட்டுவதுபோலத் தட்டினார். அவருடைய தாத்தா இங்கேதான் கால் சங்கிலியோடு கல் உடைத்தாராம். தண்டனை முடிந்து கொஞ்சம் நிலம் கிடைத்ததும் ஊருக்கு எழுதி மனைவியைக் கூப்பிட்டாராம்.

"வந்தார்களா?"

"ஏழு ஜகாஜுக்கு ஜெட்டியில நின்னார், பாபு. அவங்க வரலை. அப்புறம் இங்கேயே இன்னொரு ஷாதி பண்ணிக்கிட்டார். அவங்கதான் என் தாதி, அப்பாவோட அம்மா."

ஏழு கப்பல். என் விஷயம் முழுவதையும் பொய்யோடு சேர்த்து அவரிடம் சொல்லிவிட்டு, சீக்கிரம் வலிக்கச் சொன்னேன். அவர் தலையாட்டினார், வேகம் கூடவில்லை.

எட்டு மணிக்குக் கழிக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் வேர்களைத் தூக்கிக்கொண்டு நின்றன. தண்ணீரில் இன்னொரு காடு தலைகீழாகத் தொங்கியது. துடுப்பு விழும்போதெல்லாம் அது கலைந்து, மெல்லக் கூடியது. பறவை ஒன்றையும் காணோம்.

எட்டரை மணிக்கு டோங்கி எதன்மேலோ மெத்தென்று உட்கார்ந்தது. ராம்சரண் துடுப்பை உள்ளே இழுத்து வைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். கடல் உள்வாங்க, தண்ணீர் எங்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் குடையை ஊன்றித் தள்ளினேன். சேறு அதை நிதானமாகக் கைப்பிடி வரைக்கும் விழுங்கியது. அந்தக் குடையை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

"பைட்டோ பாபு, உக்காருங்க. தண்ணி போச்சு, தண்ணி வரும்."

"எப்போ வரும்?"

"ரெண்டு மணி."

அந்தச் சமயம் பார்த்துச் சேற்றுக்குள்ளிருந்து சொடக், சொடக் என்று சத்தம் வந்தது. முதலை பல்லைச் சரிபார்க்கிறது என்றே நினைத்தேன். தூக்குச்சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டேன். இட்லியைக் கொடுத்துச் சமாதானம் பேசலாமே. ராம்சரண் சிரிக்காமல் விரலின் முதல் கணுவைத் தொட்டுக் காட்டினார். இத்தனை சின்ன இறாலாம், கொடுக்கைச் சொடுக்குகிறதாம்.

பிறகுதான் சொன்னார், வேண்டுமென்றேதான் தரை தட்ட வைத்தாராம். "ஓடுற டோங்கிகிட்ட பட்சி வராது பாபு. செத்த டோங்கிகிட்டதான் வரும்."

கப்பல் வந்துவிடுமே என்றேன். ஜகாஜும் இதே தண்ணீருக்குத்தான் வெளியே காத்திருக்கும், நீர் நிறைந்தால்தான் ஜெட்டியில் கட்டும் என்றார். நான் நம்பவில்லை. நம்பாமல் என்ன செய்வது? இறங்கி நடக்க முடியாது. உட்கார்ந்தேன்.

பத்து மணியிலிருந்து பறவைகள் வந்தன. எங்கிருந்து வந்தன என்று சொல்லத் தெரியவில்லை. சேறே துண்டு துண்டாக எழுந்து நடப்பதுபோல இருந்தது. உள்ளான்கள் ஓடி ஓடிக் குத்தின. வெள்ளைக் கொக்கு ஒன்று டோங்கியின் மூக்கில் வந்து நின்று என்னை ஒரு கண்ணால் பார்த்தது, மறு கண்ணாலும் பார்த்தது, பயப்பட ஏதுமில்லை என்று முடிவு செய்தது. பதினொரு மணிக்குச் சின்னப் பழுப்பு வாத்துகள் ஒரு கூட்டமாக இறங்கின. ஒவ்வொன்றுக்கும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், தூக்கம் கெட்டுத் திருநீறு பூசிக்கொண்டதுபோல. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒன்று சேற்றை அரித்தது. அந்தச் சத்தம் மட்டும்தான். நான் எப்போது விளிம்பிலிருந்து கையை எடுத்தேன் என்று தெரியவில்லை. பார்த்தபோது இரண்டு கையும் மடியில் கிடந்தன. கூழைக்கடா ஒன்றுகூட இல்லை. அதையும் மறந்திருந்தேன்.

ஒன்றேமுக்காலுக்கு நீர் திரும்பி வந்து டோங்கியின் அடியை நக்கியது. வாத்துகள் எழுந்து போயின. என் பீதி திரும்பி வந்தது. தள்ளலாமென்று குதித்தேன். சேற்றில் தொடை வரை போனேன். ராம்சரண் காலரைப் பிடித்துத் தூக்கிப் போட்டார்.

மூன்றரை மணிக்குச் சாத்தாம் அருகே வந்தபோது கப்பல் அப்போதுதான் மெல்ல ஜெட்டியை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். மேல்தளக் கம்பியோரம் அரக்குப் புடவையில் கோமதி. அவளும் குனிந்து பார்த்தாள். கையாட்டினேன். அவள் ஆட்டவில்லை, சேற்றுக்குள்ளே இருக்கும் ஆள் யாரென்று யோசித்திருப்பாள்.

கப்பலின் படிக்கட்டில் அவள் இறங்கும்போது நான் ஜெட்டியில் நின்றேன். அவள் டிரங்குப் பெட்டியை வைத்துவிட்டு என்னைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

"கூழைக்கடா எத்தனை வந்திருக்கு?"

"ஒண்ணும் இல்ல, கோமதி. பூநாரையும் இல்ல. இன்னைக்குத்தான் முதல்ல போனேன்."

"தெரியும். அதுகளைப் பாத்து வளந்தவகிட்டயே எழுதுதியளே. வாராவாரம் படகுல போறாகளாம். தாமிரபரணியில கணுக்கால் நனைக்கவே யோசிக்கிற ஆளு."

"பெறகு ஏன் வந்தே?"

"இம்புட்டுப் பொய் சொல்லிக் கூப்பிடுதாகளேன்னுதான்." முந்தானையால் என் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். "அங்க என்னதான் இருக்கு?"

வாத்துகளின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் ஊர்க் குளம் வற்றினால் பறவைகள் போய்விடும். மழை வரும்வரை மரத்தில் காலிக் கூடுதான். இங்கே வற்றினால்தான் வருகின்றன என்றேன். அது மட்டும் அவள் அறியாதது போலிருந்தது. நாளைக்கே போகணும் என்றாள்.

ராம்சரண் டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றி மேட்டுச் சாலைவரை கொண்டுவந்து வைத்தார். "முதல் ஜகாஜ்லயே வந்துட்டாங்க, பாபு," என்றார், என்னிடம் இல்லை, பெட்டியிடம் சொல்வதுபோல.

சாலை வளைவில் திரும்பிப் பார்த்தேன். அவர் டோங்கிக்குப் போகவில்லை. ஜெட்டியில் நின்று, கப்பலிலிருந்து இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.