விடை அடுத்த சிட்டிங்கில்

இருபத்திரண்டு வருடங்களாகப் பொது அறிவில் பல் டாக்டரை யாரும் தோற்கடித்ததில்லை. போட்டியாளரின் வாயில் கண்ணாடி, பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய் மூன்றையும் வைத்த பிறகே அவர் கேள்வி கேட்பார் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்பு, ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்று கேட்பார். நாற்காலியில் கிடப்பவர் "ஆ" என்பார். டாக்டர் பெருந்தன்மையோடு, "பரவாயில்லை, நிறையப் பேருக்குத் தெரியாது," என்பார். ரூட் கேனலுக்கு வந்தவர்களுக்கு மட்டும் விடுகதை. அதன் விடை அடுத்த சிட்டிங்கில்தான். வலி போனதும் பாதியில் நின்றுவிடுகிறவர்கள்கூட விடைக்காக வந்தார்கள். கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லையே என்று அவருக்கு வருத்தம்.

முன்மேசையில் டோக்கன் கொடுக்கும் மனைவிக்கு எல்லா விடைகளும் மனப்பாடம். அவளுடைய அப்பா, ஓய்வுபெற்ற சர்வேயர், நிலத்தைப் போலவே மருமகனையும் முதல் நாளே அளந்து முடித்தவர். பல் பிடுங்குகிறவனுக்கு என்ன தெரியும் என்பது அவர் கண்ட அளவு. மாப்பிள்ளை என்றோ டாக்டர் என்றோ ஒரு நாளும் வாய் தவறியும் அழைத்ததில்லை. எதுவானாலும் மகள் வழியாகத்தான்.

அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை, கன்னம் பன்னாக வீங்கி, வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்தார். "வலி நின்னா போதும்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. மீதியை நல்ல டாக்டர்கிட்ட பாத்துக்கறேன்," என்றார் மகளிடம். அந்த வீட்டுக்காரர் அவருக்கு மூன்றடி தூரத்தில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

ரூட் கேனலைப் பாதியில் விட்டால் பல் உடையும். அதைவிட, இந்த ஒரு பல்லையாவது ஒழுங்காக முடித்து அந்த வாயால் ஒரு நல்ல சொல் வாங்கிவிட வேண்டும் என்று டாக்டருக்குத் தவிப்பு. விடுகதை போட்டே ஆக வேண்டும். பதற்றத்தில் தெரிந்தது ஒன்றும் நினைவுக்கு வராமல், வாய்க்கு வந்ததைச் சொன்னார்: "உள்ளே போகும்போது ஒண்ணு, வெளியே வரும்போது மூணு, நடுவிலே தங்கினா ஒண்ணுமே இல்லை. அது என்ன?"

கம்பீரமாகத்தான் இருந்தது. விடைதான் இல்லை.

சர்வேயர் வியாழக்கிழமை வந்தார், பதினொரு விடைகள் எழுதிய தாளோடு. டாக்டர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தார். அடுத்த சிட்டிங்கில் சர்வேயர் "ரகசியம்" என்றார். ஒரு காதில் போய் மூன்று வாயில் வெளியே வருவது, உள்ளேயே தங்கினால் ஒன்றுமில்லாதது; அது பொருந்தித் தொலைத்தது. ஒப்புக்கொண்டால் மாமனார் அப்படியே எழுந்து போய்விடுவார் என்பதால், அதுவும் தப்பு என்று டாக்டர் மனசாட்சியை மடித்து வைத்துக்கொண்டு சொன்னார்.

பல்லின் மேல் கேப் மாட்டும் கடைசி நாளில் சர்வேயர் நாற்காலிக்கே வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"விடையைச் சொன்னாத்தான் வாயைத் திறப்பேன்னு சொல்லும்மா."

மனைவி கணவனைப் பார்த்தாள். முந்தின இரவு அவளிடமும் விடை கேட்டுப் பார்த்துத் தோற்றிருந்தார் டாக்டர். தப்பு என்று சொல்லிவிட்டதால் இனி ரகசியத்துக்கும் திரும்ப முடியாது.

"எனக்கே தெரியாது மாமா," என்றார் டாக்டர். "சும்மா இட்டுக்கட்டினேன். நீங்க பாதியில போயிடுவீங்களேன்னு."

சர்வேயரின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை மகளே கண்டதில்லை. "கேட்டுக்கிட்டியா? தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவர் வாயாலயே சொல்லிட்டார். இத்தனை வருஷமா நான் என்ன சொல்றேன்?" என்றபடி தாமாகவே நாற்காலியில் ஏறிச் சாய்ந்தார். யாரும் கேட்காமலே வாயைத் திறந்தார். கடைவாய்ப்பல் வரை தெரிந்தது.

அன்று டாக்டர் எதையும் கேட்கவில்லை. கேப் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. கடித்துப் பார்க்கச் சொன்னார்.

சர்வேயர் இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை கடித்தார். குற்றம் கிடைக்குமா என்று நாக்கால் மூலைமூலையாக அளந்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"இது மட்டும் தெரிஞ்சிருக்கு," என்றார்.