மூடவிடாத புள்ளி

வயிற்றுக்கு ஒரு கம்பெனி, மனசுக்கு ஒரு மென்பொருள் என்று இரட்டை மாட்டு வண்டி ஓட்டுகிறவன் நான். இரண்டாவது மாடு, தமிழில் தட்டச்சு செய்ய உதவும் இலவச மென்பொருள். யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் பொதுத்தளத்தில் 'டிக்கெட்' என்று ஒரு குறிப்பு இருக்கும். வேலை முடிந்ததும் அதை மூடிவிடுவோம்.

என் பங்கு வேலைகளையும் வீட்டு வேலைகளையும் நான் துண்டுச்சீட்டில்தான் குறித்துவந்தேன். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவு, நாள்காட்டி அட்டை, கேஸ் பில்லின் முதுகு என்று எங்கும் சீட்டு. "வீடா இது, வேண்டுதல் மரமா?" என்றாள் மனைவி. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டுகளையெல்லாம் ஒரே கோப்பில் ஏற்றி, ஒவ்வொரு வரியையும் டிக்கெட்டாக மாற்றும் நிரல் ஒன்றையும் எழுதி, அதை ஓடவிட்டுக் குளிக்கப் போனேன். வீட்டு வேலைச் சீட்டுகளைப் பிரித்தெடுக்க மறந்துவிட்டேன்.

தலை துவட்டியபடி வந்து பார்த்தால், 'ஔ எழுத்து உடைகிறது' என்பதற்குக் கீழே 'கேஸ் புக் செய்யணும்'. அதற்குக் கீழே 'குழாய் ஒழுகுகிறது'. கடைசியில் 'அண்ணனிடம் மன்னிப்பு கேட்கணும்'.

உதவி செய்ய உலகமே திரண்டது. பிரேசிலில் ஒரு மாணவி, குழாய் ஒழுகுவதை இயந்திர மொழிபெயர்ப்பில் படித்து, மென்பொருளில் நினைவகம் ஒழுகுவதாகப் புரிந்துகொண்டு, இடத்தைத் தேடிப் பிடித்து அடைத்தும் கொடுத்துவிட்டாள். நிஜமாகவே அங்கே ஓட்டை இருந்திருக்கிறது! எங்கள் வீட்டுக் குழாய் இன்றும் ஒழுகுகிறது. அண்ணன் டிக்கெட்டில் ஒருவர், "பிழை எப்படி நேர்ந்தது? எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன?" என்று கேட்டிருந்தார்.

கேட்டால் பதில் எழுதிப் பழகிய கை. எழுதிவிட்டேன். அடையாறில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன், இருபது வருஷம் நகல் எடுத்தே ஒரு சின்ன ஃபிளாட் வாங்கினார். கிரகப்பிரவேசத்தன்று சொந்தபந்தம் கூடி நிற்க, நான், "அண்ணே, இது இன்னா ஹாலா, லிஃப்ட்டா? நாலு பேருக்கு மேல ஏறுனா மணி அடிக்குமா?" என்றேன். எதிர்பார்த்தது: சிரிப்பார். நடந்தது: எட்டு மாதமாகப் பேச்சில்லை.

மற்ற வீட்டு டிக்கெட்டுகளை மூடிவிட்டேன். இதை மூடப் போனால் தளம் காரணம் கேட்டது: 'முடிந்தது' அல்லது 'செய்வதாக இல்லை'. முதலாவது பொய். இரண்டாவதை அழுத்த விரல் வரவில்லை. ஆனால் பதினைந்து நாள் யாரும் எதுவும் எழுதாத டிக்கெட்டைத் தானாகவே மூடிவிடும் ஏற்பாடு எங்கள் தளத்தில் உண்டு. அதுவே மூடட்டும், பழி என்மேல் இல்லை என்று சும்மா இருந்தேன். கோழைத்தனம்தான்.

பதினான்காம் நாள் யாரோ வந்து ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனார். வெறும் புள்ளி. நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அடுத்த பதினான்காம் நாளும் புள்ளி. ஆறு புள்ளி சேர்ந்துவிட்டது, கோலமே போடலாம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ எண்கள். எரிச்சலில், "யாரப்பா நீ? உனக்கு என்னதான் வேண்டும்?" என்று எழுதினேன்.

பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது: "லிஃப்ட்டுல இன்னும் ஒரு ஆளுக்கு எடம் கீது. வர்றியா இன்னா?"

அடையாறு வரை ஆட்டோவில் மனப்பாடம் செய்த வசனமெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மறந்துபோயிற்று. "தப்பு என் மேலதாண்ணே, மன்னிச்சுடு" என்பது மட்டும் வந்தது. கூடவே அழுகையும்.

"அதான் ஊருக்கே போர்டு எழுதி மாட்டிட்டியே. உன் பொண்டாட்டிதான் எனக்கு அனுப்புனா," என்றார் அண்ணன். "கடைல கூட்டம் நிக்கசொல்லகூட ஓடிப் போய் புள்ளி வெச்சிக்கினு இருந்தேன்டா. மறந்துட்டா மூடிக்கும்ல?"

ஹாலில் அண்ணன், அண்ணி, பிள்ளைகள் இரண்டு பேர் என்று ஏற்கெனவே நாலு பேர். நான் ஐந்தாவதாகக் கால் வைத்ததும், அண்ணன் மகள் வாயாலேயே, "டிங்!" என்றாள்.

அண்ணன் சிரித்தார்.