இடப்பக்கம் போன பந்து

மட்டாஞ்சேரியில் எங்கள் காலனி ஃபுட்பால் டீமுக்குக் கோச் மஞ்சுஷா சேச்சி. பகலில் மாநகராட்சி வேலை, சாயங்காலம் மைதானம். ஆட்டத்தைப் போனில் படமெடுத்து, யார் யாருக்குப் பந்து கொடுக்கிறார்கள் என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதில் அவருக்கு அப்படியொரு வெறி.

ஃபைனலில் பாதி ஆட்டம் வரை கோல் இல்லை. நடுவில் ஆடும் விபின், இடது ஓரத்தில் ஓடும் ஷிபுவுக்குப் பந்தே கொடுக்கவில்லை. ஷிபு, விபினின் தங்கை புருஷன். அந்தக் கல்யாணத்தில் ஷிபுவின் மாமாவை முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லை என்று சண்டை, அன்றோடு பேச்சும் நின்றது.

கோல்கீப்பரான எனக்குப் பொறுக்கவில்லை. "ஷிபுவ மாத்துங்க சேச்சி" என்றேன் இடைவேளையில்.

"போடா மண்டா. விபின் கொடுக்கமாட்டான்னு எதிர் டீமுக்கும் தெரியும். அதான் ஷிபுவ ஒருத்தனும் மார்க் பண்ணல, பக்கத்துலயே ஆள் இல்ல. விபினே, நீ பேச வேண்டாம், பந்த மட்டும் கொடு."

கடைசி நிமிடம். விபின் வலப்பக்கம் பார்த்தான். எதிர் டீமில் மூன்று பேர் அங்கே பாய்ந்தார்கள். பந்து இடப்பக்கம் பறந்தது. ஆளே இல்லாத வெளியில் ஷிபு ஓடினான், அடித்தான், வலை குலுங்கியது. மைதானமே எழுந்து கத்தியது.

எங்களையெல்லாம் தள்ளிவிட்டு ஷிபு நேராக விபினிடம் போனான்.

"பாஸ் கொஞ்சம் லேட்டு, மச்சான்."