பிலிம் கமராக்காரியின் கோபங்கள்

அசையாதீர்கள் என்று சொன்ன மறுகணமே அசைகிற மனிதர்களை, நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிற வெளிச்சத்தில், கையால் வளையம் திருப்பித் தெளிவாக்கிப் பிடிக்கிற தொழில் என்னுடையது.

மட்டக்களப்பு நகரத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், பெண்பிள்ளை வயதுக்கு வந்த சாமத்திய வீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் டிஜிட்டல் கமராதான். ஆனால் இப்போது கல்யாணம் கட்டுகிற பிள்ளைகளுக்குப் புதிதாக ஓர் ஆசை பிடித்திருக்கிறது. "அக்கா, ஒரு ரோல் பிலிம்லயும் எடுங்க" என்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் எங்கேயோ பார்த்திருப்பார்கள். எனக்கும் அந்தப் பழைய கமராவில் எடுக்கத்தான் விருப்பம். ஆனால் அதில் ஒன்றும் தானாக நடக்காது. ஃபோகஸ் வளையத்தை நான்தான் திருப்ப வேண்டும். லென்ஸ் எவ்வளவு திறக்க வேண்டும், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதையும் நான்தான் வைக்க வேண்டும். முப்பத்தாறு படத்தோடு ரோல் முடிந்துவிடும். எடுத்தது சரியா பிழையா என்பது கழுவிப் பார்க்கும்வரை கடவுளுக்கும் தெரியாது.

இதே கமராவோடு மாரடிக்கிற என் சக பாவிகளே, கீழே எழுதியிருப்பதில் ஒன்றாவது உங்களுக்கு நடக்கவில்லை என்றால், நீங்கள் கமராவை இன்னும் அலுமாரியை விட்டு வெளியே எடுக்கவில்லை என்று அர்த்தம்.

மண்டூர்ப் பெரியப்பா

மண்டூரில் ஒரு கல்யாணம். குடும்பப் படத்துக்கு எல்லோரையும் மரத்தடியில் நிறுத்தினேன். நல்ல நிழல். வெளிச்சம் போதாமல் லென்ஸை முழுக்கத் திறக்க வேண்டியதாயிற்று. அப்படித் திறந்தால் ஓர் எட்டு முன்னே வந்தாலும் முகம் கலங்கிவிடும். இது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குத் தெரியாது.

அவர்தான் நட்டநடுவில் நின்றார். கமராவின் கண்ணுக்குள் ஒரு வட்டம் இருக்கிறது. அதில் முகம் மேல்பாதி கீழ்ப்பாதியாக வெட்டுப்பட்டுத் தெரியும். வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் பொருந்தி வரும். நான் பொருத்தியதும் பெரியப்பா சால்வையைச் சரிசெய்ய முன்னால் வந்தார். பின்னால் போகச் சொல்லி மறுபடி பொருத்தினேன். யாரோ ஒரு மச்சாளைக் கூப்பிட்டுக்கொண்டு அவர் மறுபடி முன்னால் வந்தார். "பெரியப்பா, ஆணி அடிச்ச மாதிரி நில்லுங்க!" என்று கத்தியே விட்டேன். பந்தலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் தரம் பொருத்திய நேரம், மனிதர் நேரே என்னிடமே நடந்து வந்து, லென்ஸைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்து மிகவும் பரிவாகச் சொன்னார்: "எவ்வளவு நேரமாத் திருகுறாய் மகள், மூடி இறுகிப் போச்சா? இஞ்ச தா, நான் கழட்டித் தாறன்."

வவுணதீவில் திறந்த கதவு

பதிவுக் கல்யாணம் முடித்த ஒரு சோடி. அடுத்த நாள் மாப்பிள்ளை கத்தாருக்குப் போகிறார், திரும்பி வர இரண்டு வருடமாகும். வவுணதீவில் அவர்களுடைய வயல் வட்டைக்கே போய், விளைந்த வயலுக்கு நடுவே வரம்பில் நிறுத்தி எடுத்தேன். பின்னால் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அப்படி நேரத்தில் கமராவின் லைட் மீற்றரை நம்பினால், அது வானத்தைப் பார்த்து ஏமாந்துபோகும், முகம் இருண்டுவிடும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் அந்தப் பெண்பிள்ளையின் முகத்துக்குக் கிட்டப் போய் அளந்து, திரும்பி வந்து எடுத்தேன். கடைசியாக அவள் அழுதுவிட்டாள். அவர் தன் சட்டைக் கையால் அவள் கண்ணைத் துடைத்தார். அந்தக் கையில் ஃபோகஸ் வைத்து எடுத்தேன். இப்படி ஒரு படம் வருடத்துக்கு ஒன்று கிடைத்தாலே பெரிய விசயம்.

ரோல் முடிந்திருந்தது. பிலிமை அதன் டப்பாவுக்குள் திருப்பிச் சுற்ற முன்னம், தண்ணீர் குடிக்கலாம் என்று கமராவை மோட்டார் சைக்கிள் இருக்கையில் வைத்தேன். மாப்பிள்ளையின் மச்சான் ஒருவர் படம் பார்க்க வந்தார். பின்னால் திரையைத் தேடினார். இல்லை. உள்ளே இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, ஓரத்துக் குமிழைப் பிடித்து இழுத்தார். கமராவின் முதுகு டக்கென்று திறந்தது. வெயில் நேரே பிலிமில் விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் வயலில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன.

கழுவியபோது, உள்சுற்றில் கிடந்த முதல் சில படங்களில் மட்டும் ஏதோ உருவம் தெரிந்தது. மற்றதெல்லாம் நாசம். கண்ணைத் துடைத்த படம் கடைசிப் படம், அதுதான் முதலில் போயிருந்தது. மாப்பிள்ளை அதற்குள் கத்தாரில். அந்தப் பிள்ளைக்கு விசயத்தைச் சொன்னபோது அவள் போனை வைத்துவிட்டாள். ஆத்திரம் தாங்காமல் மச்சானுக்கு அழைத்து ஏசினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "என்னத்துக்கு இப்பிடிக் கத்துறீங்க? நான் உடன மூடிட்டன்தானே."

காத்தான்குடியில் பெண்கள் பக்கம்

காத்தான்குடியிலிருந்து ஒரு பெண் ஸ்டூடியோவுக்கு வந்தார். அவருடைய தங்கைக்குக் கல்யாணம். தன்னுடைய கல்யாணப் படங்கள் யாரோ ஒருவரின் கம்பியூட்டரிலிருந்து வெளியே போய், ஊரெல்லாம் போன் போனாகச் சுற்றினவாம். "என்ட தங்கச்சிக்கு அப்பிடி வரக் கூடாது. பிலிம்ல எடுங்க, நீங்களே கழுவுங்க, நெகட்டிவ என்ட கையில தாங்க" என்றார். எனக்கு அந்தப் பொறுப்பு பெருமையாகத்தான் இருந்தது. கறுப்பு வெள்ளையென்றால் என் வீட்டிலேயே கழுவலாம் என்று ஒத்துக்கொண்டேன்.

பெண்கள் பக்கத்தில் திரை எல்லாம் இழுத்து மூடி, வெளிச்சம் மட்டு. ஃபிளாஷ் வேண்டாம் என்றிருந்தார்கள். ஷட்டரை மெதுவாக வைத்து, மூச்சை அடக்கி, பொண்ணின் கண்ணில் ஃபோகஸைப் பொருத்திக்கொண்டு நிமிர்ந்தால், எனக்கும் பொண்ணுக்கும் நடுவில் ஒரு போன். அதற்கு இந்தப் பக்கம் இன்னொன்று. பார்த்தால் மண்டபம் முழுக்கப் போன்! பொண்ணின் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிறுபிள்ளைகளெல்லாம் அவரைத்தான் தாத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிட்டார்கள். அவர் முகம் சிவந்துபோய் ஒவ்வொருத்தியாக ஏசிப் போனை உள்ளே வைக்கச் செய்தார். ஒரு மாமி மட்டும் போனை இறக்கவே இல்லை. தாத்தா கிட்டப் போய் நின்றதும், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே மாமி சொன்னார்: "நான் சவூதியில இரிக்கிற மகளுக்கு மட்டுந்தான் காட்டுறன். அவ குடும்பக் குறூப்புல மட்டுந்தான் போடுவா."

வெளிச்சத்தைக் கூட்டச் சொன்ன மாமியார்

பெரியகல்லாற்றில் ஒரு கல்யாணம். மணப்பெண் என்னைப் போல நல்ல கறுப்பு. மாப்பிள்ளையும் அப்படித்தான். இருவரும் ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள், விரும்பிக் கட்டுகிறார்கள். தாலி கட்ட முன்னம் மாப்பிள்ளையின் அம்மா என்னை ஒரு மூலைக்கு அழைத்துப் போனார். "புள்ள, மருமகள் கொஞ்சம் நிறம் மட்டு. கமராவில வெளிச்சத்தக் கூட்டி வெள்ளையா எடு" என்றார். குரலைத் தாழ்த்தியும் பேசவில்லை. மணவறையில் இருந்த பிள்ளை கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வெளிச்சத்தைக் கூட்டலாம்தான். கூட்டினால் கண்ணின் ஒளி, மூக்கின் கூர், சேலைக் கரை எல்லாம் அடிபட்டுப் போய், மாப் பூசின மாதிரி ஒரு முகம் மிஞ்சும். மீற்றர் ஊசிக்கும் அந்த மாமியாரின் புத்திதான். கறுத்த முகத்தைக் கண்டால் வெளிச்சம் போதாது, கூட்டு என்று சொல்லும். நான் ஊசி சொன்னதிலிருந்து ஒரு படி குறைத்தேன். "தங்கச்சி, நிமிந்து என்னப் பாருங்க" என்றேன். நிமிர்ந்தாள். கண்ணில் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தில் ஃபோகஸ் வைத்து அழுத்தினேன்.

படம் வந்தபோது நானே அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றி மினுங்க, தோல் உள்ளது உள்ளபடி, கோயிற் சிலை போல இருந்தாள். மாமியார் அதை மேசையில் எறிந்தார். "கூட்டச் சொன்னா நீ குறைச்சு எடுத்திரிக்காய்!" என்னோடு டிஜிட்டலில் எடுக்கிற ஜெகன், நான் வாயைத் திறக்க முன்னமே தன் படத்தைப் போனில் போட்டு, விரலால் தடவித் தடவி அந்தப் பிள்ளையை வெள்ளைக்காரி ஆக்கிக் காட்டினான். மாமியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஜெகனுக்கு நான் ஏசின ஏச்சை இங்கே எழுத ஏலாது. பிறகு மாமியாரிடம் கேட்டேன்: "உங்கட மகனும் அதே நிறந்தானே மாமி? அவர வெளுக்கச் சொல்லல்லியே?" நான் ஏதோ விசர்க் கதை கதைத்தது போல அவர் என்னைப் பார்த்தார். "அவன் ஆம்பிளதானே புள்ள."

அதே பெண், தனியாக

சில வாரம் கழித்து, பாடசாலை விட்ட கையோடு அந்தப் பிள்ளை ஸ்டூடியோவுக்கு வந்தாள். வெள்ளைக்காரிப் படத்தைப் பெரிதாக அடித்து வீட்டு ஹோலில் கொழுவியிருக்கிறார்களாம். அவளிடம் படிக்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வந்தபோது, ஒருத்தி அதைப் பார்த்து "டீச்சர், இது ஆரு?" என்று கேட்டாளாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

பிலிம் படத்தை அதே அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தேன். ஜெகன் வாயை மூடிக்கொண்டு சட்டம் போட்டுத் தந்தான். அதற்குப் பிறகு ஒரு நாள் போனில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். இரண்டு படமும் ஹோலில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னாள். மாமியார் ஒன்றும் சொல்லவில்லையா என்றேன். "மாமி கழட்டுறா, நான் கொழுவுறன். ஆர் முதல்ல களைக்கிற எண்டு பாப்பம் அக்கா."

வாவிக்கரை லொறி

சிவலிங்கம் அண்ணன் வாவியில் மீன் பிடிக்கிறவர். அவருடைய ஊர்க் கரையில், தோணி கட்டுகிற இடத்திலேயே, செல்வாக்குள்ள யாரோ கண்டல் மரங்களை வெட்டிவிட்டு லொறி லொறியாக மண் கொட்டி நிரப்பினார்கள். அவர் போனில் வீடியோ எடுத்து, அரச அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். "இதெல்லாம் இப்ப ஏஐ-யில செய்யலாம்" என்று ஓர் அதிகாரி தள்ளிவிட்டாராம். என்னிடம் வந்தார். "பிலிம்ல எடுத்தா ஒருத்தனும் பொய் எண்டு சொல்ல ஏலாதுதானே தங்கச்சி?"

விடிய வெளிக்கிட்டுத் தோணியில் போனோம். நீளமான லென்ஸ், மங்கல் வெளிச்சம், ஆடுகிற தோணி. ஷட்டரை வேகமாக வைத்தால் படம் இருளும், மெதுவாக வைத்தால் ஆட்டத்தில் கலங்கும். லென்ஸை முழுக்கத் திறந்தேன். அண்ணன் தாங்குகோலைச் சேற்றில் ஊன்றி, மார்பால் அதை அணைத்துத் தோணியை அசையவிடாமல் பிடித்தார். கறுப்பு லொறி ஒன்று பின்பக்கத்தைத் தூக்கி மண்ணைக் கொட்டத் தொடங்கியது. இலக்கத் தகட்டில் ஃபோகஸைப் பொருத்தினேன். கரையில் நின்ற ஒருவன் எங்களைக் கண்டு கத்தினான். கல்லெறிந்தான். ஒன்று தோணிக்குப் பக்கத்தில் விழுந்து முகத்தில் தண்ணீர் அடித்தது. துடைக்காமல் அடுத்ததை எடுத்தேன். பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அதைவிடக் கோபம் கூடுதலாக இருந்தது.

வீட்டில் கழுவிப் பார்த்தால் இலக்கம் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. அண்ணன் அந்த ஈரப் பிலிமைப் பார்த்துப் பிள்ளை போலச் சிரித்தார். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அதிகாரிகளின் விசாரணையில் விசயம் அடுத்த கூட்டத்துக்கு, அதற்கடுத்த கூட்டத்துக்கு என்று தள்ளிப் போய், அதற்குள் கரை நிரம்பிவிட்டது. சிவலிங்கம் அண்ணன் இப்போது பக்கத்து ஊரில் தோணியைக் கட்டிவிட்டு நடந்து வருகிறார்.

முதற் கூட்டத்தில் நடந்தது இதுதான். கடதாசியில் அடித்த படத்தை அதே அதிகாரி ஒதுக்கி வைத்தார், அதையும் கம்பியூட்டரில் செய்யலாமாம். "அப்ப இதப் பாருங்க சேர், இதுதான் கமராவுக்குள்ள கிடந்தது" என்று நெகட்டிவை நீட்டினேன். நெகட்டிவில் கறுப்பெல்லாம் வெள்ளையாகவும் வெள்ளையெல்லாம் கறுப்பாகவும்தான் தெரியும் என்பதையும் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டார். பிறகு அதை ரியூப் லைட்டுக்கு நேரே பிடித்துக் கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார். வென்றுவிட்டோம் என்று அண்ணன் என் பக்கம் திரும்பினார். அதிகாரி பிலிமை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "மண் கொட்டினது கறுப்பு லொறி எண்டுதானே சொன்னீங்க? இதுல வெள்ளை லொறிதானே நிக்குது."

கமராவில் எதையும் கூட்டவும் குறைக்கவும் ஒரு வளையத்தைத் திருப்பினால் போதும், என் இரத்த அழுத்தத்தைக் குறைக்க மட்டும்தான் டொக்டர் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்.