காணாமல் போன கண்ணாடித் தகடு

அப்போது நான் சிங்கப்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் சரக்குப் பட்டியல் எழுதும் கிராணி. சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் மனைவியோடு குடியிருந்தேன். சம்பளத்துக்கு வேலை, மனசுக்குப் படம் எடுக்கும் பெட்டி. ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் வீட்டுச் சாமான்களை ஏலத்தில் விடுவார்கள். அவற்றை வாங்கி விற்கும் தமிழ் முஸ்லிம் ஒருவர் அரபுத் தெருவில் கடை வைத்திருந்தார். பாய் என்றுதான் கூப்பிடுவேன். பழைய கேமரா ஏதாவது கையில் சிக்கினால் எனக்கென்று எடுத்து வைப்பார். துருத்தி கிழிந்தது, மூடி தொலைந்தது என்று அப்படி ஐந்து சேர்ந்திருந்தன. படம் பதிந்த கண்ணாடித் தகடுகளைக் கழுவுவதும் அவர் கடைக்குப் பின்னால் இருந்த இருட்டறையில்தான்.

கப்பல், கோபுரம், நாற்காலியில் கை வைத்து விறைத்து நிற்கும் நண்பர்கள் எல்லாம் எனக்கு அலுத்துப்போயின. வேலை செய்கிறவர்களை எடுத்தால் என்ன என்று தோன்றியது. ஒரு ஞாயிறு காலை, இருப்பதிலேயே பெரிய பெட்டியை முக்காலியோடு தூக்கிக்கொண்டு சந்துக் கோடியில் இருந்த மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். எங்களுக்குப் பால் ஊற்றுகிறவருடைய கொட்டகை அது. அவர் சந்தோஷமாக ஒரு எருமையைக் குளிப்பாட்டி நிறுத்தினார். நான்கு தகடு எடுத்தேன். கடைசித் தகட்டில் பின்பக்கச் சாக்கடையும் அதனருகே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அவர் மனைவியும் விழுந்தார்கள். அவள் நிறைமாதக் கர்ப்பிணி.

அடுத்த வாரம் முனிசிபல் இன்ஸ்பெக்டர் வந்தார். சாக்கடை சுத்தமில்லை என்று கொட்டகையைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை எங்கள் வீட்டுக்குப் பால் வரவில்லை. நானே சொம்போடு போனேன்.

"பாலுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க, கிராணி," என்றார் பால்காரர், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஏங்க?"

"நீங்க பெட்டி வச்சுட்டுப் போயி பத்து நாளு ஆகல. தொர வந்ததும் நேரா பின்பக்கச் சாக்கடைக்குப் போயி நிக்கிறான். யாரு காட்டிக்குடுத்தா?"

தெருக் குழாயடியில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். கோபமாக வீடு திரும்பி, எதுவும் கைமாறவில்லை என்று தகடுகளை எடுத்துப் போய் அவரிடமே காட்டிவிடலாம் என்று தகட்டுப் பெட்டியைத் திறந்தேன். மூன்றுதான் இருந்தன. சாக்கடைத் தகட்டைக் காணவில்லை.

என்மேல் விழுந்த சந்தேகத்தை நான் அப்படியே பாய்மேல் திருப்பினேன். தகடுகளைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவர் கடைக்கு வெள்ளைக்காரர்கள் வருவதுண்டு. கழுவிய அன்று ஈரத் தகட்டைத் தூக்கிப் பிடித்து, "இது எந்த எடம் தம்பி?" என்று கேட்டிருந்தார். கேட்டபோது சாதாரணமாக இருந்த கேள்வி, நினைக்க நினைக்க வேறு மாதிரி ஒலித்தது. ஆபீசில் ஒரு கப்பலின் சரக்கை இன்னொரு கப்பலின் பட்டியலில் எழுதி, திட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போய்க் கேட்டுவிட்டேன்.

"ஒரு தகடு கொறயுது, பாய். யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

அவர் இருட்டறைக் கதவை அகலத் திறந்து வைத்தார். "தேடிப் பாருங்க."

தேடாமல் திரும்பியிருக்க வேண்டும். நான் தேடினேன். அலமாரி, தொட்டிக்கு அடியில், பழைய காகிதக் கட்டு எல்லாவற்றையும் புரட்டினேன். அவர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒன்றும் கிடைக்கவில்லை. சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தேன்.

அதன்பிறகு சாப்பிட உட்கார்ந்தால்கூட பாயைத் திட்டினேன். ஒருநாள் என் மனைவி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவர ஏன் திட்டுறீங்க? அந்தக் கண்ணாடிய நாந்தான் சுரண்டினேன்."

படம் எடுத்த இரண்டாம் நாள், நான் ஆபீசில் இருந்தபோது, பால்காரர் மனைவி வந்திருக்கிறாள். தன் படத்தைப் பார்க்க வேண்டும் என்றாளாம். என் மனைவி தகட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியிருக்கிறாள். தகட்டில் எல்லாம் தலைகீழ்தானே, கறுப்பு வெளுப்பாகத் தெரியும்.

"மொகம் வெள்ள வெளேர்னு பேய் மாதிரி இருந்துச்சுங்க. வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னு அழுதா. வெந்நீர்ல போட்டுச் சுரண்டித் தூக்கிப் போட்டுட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பெட்டியத் தொட்டாலே கத்துவீங்க. அப்புறம் ஊரே பேசவும் பயமாப் போச்சு. அவளும் புருஷங்கிட்ட வாயத் தெறக்கல."

மறுநாள் சுற்றுச் சந்துகளில் நடந்து பார்த்தேன். நான் எட்டிக்கூடப் பார்க்காத கொட்டகைகளிலும் அதே நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதைப் பால்காரரிடம் போய்ச் சொன்னேன். "தெரியும்," என்றார். ஆனாலும் கொட்டகையைக் காலி செய்த நாள்வரை எங்களுக்குப் பால் ஊற்றவில்லை.

பாயிடம் போவதற்கு எனக்கு இன்னும் ஒரு வாரம் பிடித்தது. அவர் ஒரு பித்தளை லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, "தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க," என்றேன்.

"சரி தம்பி. உண்ம தெரியாமலே போயிருந்தா?" என்றார்.

பிறகு அவரே தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். குடித்து முடித்ததும், கையில் இருந்த இரண்டு புதுத் தகடுகளைக் கழுவிக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"தாராளமா. ஆனா இனிமே நானும் உள்ள, ஒங்க கண்ணு முன்னாலயே நிப்பேன். ஒங்க நிம்மதிக்குத்தான்."

சிவப்பு விளக்கடியில் இருவரும் தோளோடு தோள் இடிக்க நின்றோம். தகட்டில் உருவம் மெல்ல எழுந்து வந்தது. எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை.