எந்த உப்பு என்று கேட்டவர்

சனிக்கிழமை காலை வவுணதீவில் எங்கள் வயல் வட்டையில் நெல் வெட்டு நடந்துகொண்டிருந்தது. வரம்பில் நின்றபோது, பட்டறையில் என்னோடு வேலை செய்யும் நபீலாவின் அழைப்பு வந்தது. "பரீதா ராத்தா மௌத்தாகிட்டா" என்றாள். நித்திரையிலேயே உயிர் போய்விட்டதாம். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வியாழக்கிழமை என்னை வாய்க்கு வந்தபடி ஏசிய மனுசி, சொல்லாமல் கொள்ளாமல் போவதா?

காத்தான்குடிச் சாயப்பட்டறையில் அவரோடு நின்ற எங்களுக்கெல்லாம் அந்த ஏச்சு பழக்கம். முதலில் அக்கா என்று கூப்பிட்ட நானும் சீக்கிரமே மற்றவர்களைப் போல ராத்தா என்று அழைக்கத் தொடங்கினேன். இரசாயனம் படித்துவிட்டு நூலுக்குச் சாயம் போட வந்தவர். "வெள்ளையா இருக்கிறதெல்லாம் உப்பா புள்ள? சூத்திரத்தச் சொல்லு" என்பார். NaCl என்றால் கறியுப்பு. சாயம் நூலில் ஏறுவதற்கு அதையும் போடுவோம். NaNO₂ என்றால் சோடியம் நைத்திரைற்று. சிவப்பு எடுக்க அது வேண்டும், வயிற்றுக்குள் போனால் ஆள் தப்புவது கஷ்டம். இரண்டும் வெள்ளை, இரண்டும் கரிக்கும், இரண்டிலும் சோடியம் உண்டு. "மிச்ச எழுத்துத்தான் ஆளைக் கொல்லும்" என்று சொல்லுவார். நாங்கள் சிரிப்போம்.

அந்த நாட்களில் பகல் கறிக்கும் சாய உப்பிலேயே ஒரு பிடி அள்ளுவது எங்கள் வழக்கம். ராத்தாவும் கண்டும் காணாமல் விட்டிருந்தார். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் நபீலா சமைத்தாள். வயிற்றில் பிள்ளையோடு இருந்த நான் பசி தாங்காமல் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டேன்.

"இண்டைக்கு உப்பே பிடிக்குதில்ல. ருசி பார்த்துப் பார்த்து அள்ளிப் போட்டன்" என்றாள் நபீலா.

உள்ளே வந்த ராத்தா நின்றுவிட்டார். "எந்தச் சாக்கில அள்ளினாய்?"

எழுத்துச் சுவர்ப்பக்கமாக இருந்த சாக்கைத் திருப்பினார். NaNO₂. சோறு என் வாய்க்கருகில் இருந்தது. கையிலேயே ஓங்கி ஓர் அடி. சோறெல்லாம் தரையில். "ஒருத்தரும் தின்னாதீங்க" என்றவர் நபீலாவின் முகத்தைப் பார்த்தார். அவள் உதடு சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

ஓட்டோவில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில், "உப்பு மாறிப்போச்சு டொக்டர்" என்றேன். "என்ன உப்பு?" என்று கேட்டார். நான் முழித்தேன். "NaNO₂" என்றார் ராத்தா. "நைத்திரேற்று இல்ல, நைத்திரைற்று. ஒட்சிசன் ரெண்டு." டொக்டர் உடனே மெதிலீன் நீலம் கொண்டுவரச் சொன்னார்; அதுவும் ஒரு சாயம்தான், இந்த நஞ்சுக்கு மருந்து. அந்த நீலம் நரம்பில் ஏறி, உதட்டில் சிவப்புத் திரும்பும்வரை ராத்தா கட்டில் கம்பியை விடவில்லை.

"சாயக்காரிக்குச் சாயமே மருந்தாப் போச்சு" என்று நபீலா பிறகு பகிடி விட்டாள். ராத்தா சிரிக்கவில்லை. "பிழை என்ட. அதுல அள்ள விட்டது நான்" என்றார்.

அதன்பின் கறியுப்பு வேறு அறைக்குப் போனது. அப்படியும் ராத்தாவுக்கு மனம் ஆறவில்லை. ஒவ்வொரு பகலும் முதல் வாய் தான் தின்றுவிட்டு எங்களைக் காக்க வைப்பார். நாங்கள் முணுமுணுப்போம். "பொறுங்க, செத்தா நான் சாகிறன்" என்பார்.

திங்கட்கிழமை பட்டறை திறந்தோம். சோறு பகிர்ந்தாயிற்று. ஒருவரும் கை வைக்கவில்லை. நபீலா என்னைப் பார்த்தாள். உப்பு மாறிய அன்று வயிற்றில் இருந்த என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் ஒரு வாய் அள்ளித் தின்றேன். "பொறுங்க" என்றேன். எல்லோரும் பொறுத்திருந்தார்கள். ராத்தாவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வாய்ச் சோறுதான்.