ஒரு மணி நேர உரிமையாளர்

என் கணவரின் தங்கை திருமணம் மாமல்லபுரத்தில், கடலைப் பார்த்த ஒரு மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டி முடிந்து எல்லோரும் பந்திக்கு நகர்ந்தபோது, நான் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கிச் சவுக்கு நிழலில் உட்கார்ந்தேன். பட்டுப்புடவையின் ஓரத்தில் மணல் ஏறியது. அன்று காலைதான் எங்கள் நிரலின் புதிய பதிப்பு வெளியாகியிருந்தது. ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று நினைத்தேன்.

எங்கள் என்றால் நானும், பொத்தேரியில் நான்கு வருடம் என்னோடு கல்லூரி விடுதி அறையில் இருந்த தோழியும். இருவரும் பிளாக்செயின் என்ற இணையப் பொதுப் பேரேட்டில் ஒரு பொதுச் சேமிப்பை உருவாக்கியிருந்தோம். முகம் தெரியாத பலர் அதில் பணம் போட்டிருந்தார்கள். அங்கே வங்கியும் இல்லை, மேலாளரும் இல்லை. யார் எதைச் செய்யலாம் என்பதை நிரலே தீர்மானிக்கும். சேமிப்பை நிறுத்தி வைக்கவும் விதிகளை மாற்றவும் உரிமையாளரின் முகவரியால், அதாவது அவரது கணக்கால், மட்டுமே முடியும். அது எங்கள் இருவரின் ஒப்புதலும் சேர்ந்தால்தான் இயங்கும் பொது முகவரியாக இருக்க வேண்டும் என்று அவள்தான் பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள்.

திரையில் உரிமையாளர் என்ற இடத்தில் வெறும் பூஜ்ஜியங்கள் இருந்தன.

புதிய பதிப்பை ஏற்றியவுடன் உரிமையாளரைப் பதிவு செய்ய வேண்டும். நான் செய்துவிட்டேன் என்று அவளும், அவள் செய்துவிட்டாள் என்று நானும் நினைத்திருக்கிறோம். முதலில் கட்டளை அனுப்புபவரை அந்த நிரல் உரிமையாளராக ஏற்றுக்கொள்ளும். யார் நீ என்று கேட்காது. அந்த வரியை எழுதியவள் நான். காலையிலிருந்து அது உலகம் முழுவதற்கும் திறந்து கிடந்தது.

தோழியை அழைத்தேன். கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் ஏறியிருப்பாள்; கூட்டத்தில் போன் பைக்குள் இருந்திருக்கும். மூன்று தடவையும் எடுக்கவில்லை. மேலும் காத்திருக்கப் பயந்து, என் சொந்த முகவரியிலிருந்து நானே அந்தக் கட்டளையை அனுப்பிவிட்டேன். சில நொடிகளில் பூஜ்ஜியங்கள் மறைந்து என் முகவரி வந்தது. கதவு மூடிக்கொண்டது.

உரிமையைப் பொது முகவரிக்கு மாற்ற இன்னும் ஒரே ஒரு கட்டளை போதும். நான் அதைக் கொடுக்கவில்லை.

ஏன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எதையும் எடுக்க நினைக்கவில்லை. வெயிலில் கடல் வெளிறி, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கிடந்தது. மண்டபத்து நாதஸ்வரம் காற்றில் வந்து வந்து போனது. அத்தனை பேர் நம்பிப் போட்டதெல்லாம் என் மடிமீது, எடையே இல்லாமல், மூச்சு விடுவதுபோல இருந்தது. நான் இமைத்தால்கூட எங்கோ யாரோ அசைவார்கள் என்று தோன்றியது. உடம்பு லேசாக மிதந்தது. அந்த உணர்வு எனக்குப் பிடித்திருந்தது.

போன் அடித்தது.

“இன்னாடி, இத்தினி வாட்டி கூப்ட்டுகீறே?” என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். என் பெயரில் எடுத்தது நல்லதுதான் என்றவள், பொது முகவரிக்கு மாற்றிவிட்டேனா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். எடுத்து எவ்வளவு நேரமாயிற்று என்றாள். ஒரு மணி நேரம் என்றேன்.

அவள் பின்னால் ரயில் நிலையத்து அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

“அவ்ளோ நேரம் இன்னா பண்ணிகினு இருந்தே?”

“கடல பாத்துகினு இருந்தேன்.”

அவள் இணைப்பிலேயே இருந்தாள். நான் கட்டளையைக் கொடுத்தேன். பொது முகவரிக்கு வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

மாலையில் இருவரும் சேர்ந்து, தவறு என்ன, யார் கையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதையெல்லாம் மறைக்காமல் எழுதிப் பொதுவில் வெளியிட்டோம். சிலர் பணத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். பெரும்பாலோர் இருந்தார்கள். அதன்பின் ஒரு வாரம் அவள் வேலை விஷயம் தவிர வேறெதுவும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பதிப்பை ஏற்றும் அதே கட்டளையில் உரிமையாளரும் பதிவாகும்படி நிரலைத் திருத்தினோம். இடையில் ஒரு நொடிகூடத் திறந்திருக்காது. வேலை முடிந்து காபி குடிக்கும்போது, திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: “உன் மேல கோவம் இல்லடி. நானா இருந்தாலும் உக்காந்துகினுதான் இருந்திருப்பேன். அத நெனச்சாதான் பேஜாரா கீது.”

நான் அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன்.